பாங்கோடு நின்றுபோன கதைகள்

அஜ்மானில் என் வீட்டு அலமாரியில் ஒரு வீடியோ கேசட் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கும் கருவி எங்களிடம் இல்லை. மேலே ஒட்டிய தாளில் நான்கு கதைகளின் கொலையாளிகளைச் சாச்சி தம் கையால் எழுதியிருக்கிறார்: டாக்டர், தம்பி, வக்கீல், சமையல்காரி.

என் சிறுவயதில் பஹ்ரைனில், மனாமாவின் குதைபியா பகுதியில், வாப்பாவின் தம்பி சாச்சப்பாவும் அவர் மனைவி சாச்சியும் நாங்களும் ஒரே ஃபிளாட்டில் இருந்தோம். கட்டட சைட்டில் விழுந்து முதுகில் அடிபட்ட சாச்சப்பாவின் விசா முடிய மூன்று மாதமே இருந்தது. கம்பெனி அதைப் புதுப்பிப்பதாக இல்லை. சிகிச்சையைப் பாதியில் விட்டு ஊர் திரும்புவதா என்று பெரியவர்கள் கலங்கிக்கொண்டிருக்க, சாச்சி பக்கத்துத் தெரு கிளினிக்கில் விசாரித்துவிட்டு வந்தார். வரவேற்பு மேசைக்கு ஆள் வேண்டும். வேலை கிடைத்தால் இருவருக்கும் அவர்களே விசா ஏற்பாடு செய்வார்கள். ஆனால் இங்கிலீஷ் பேச வேண்டும். சாச்சிக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டுமே வரும். “மூணு மாசம் இருக்குல்ல, போதும்” என்றார்.

அவருக்கு வாய்த்த ஆசிரியர், டிவியில் வாரந்தோறும் வந்த பழைய பிரிட்டிஷ் மர்மத் தொடர். ஒவ்வொரு வாரமும் புதுக்கதை, புது மனிதர்கள், ஒரு கொலை. வாப்பா பதிவு செய்து கொடுப்பார். குற்றவாளி பிடிபடும் நேரத்தில் மஃரிப் தொழுகைக்கான பாங்கு டிவியில் குறுக்கிடும். அது முடிந்ததும் செய்தி தொடங்கிவிடும். முடிவு தெரியாத கதைகளுக்குச் சாச்சி எங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். என்னைச் சமையல்காரியாகவும் வாப்பாவை வக்கீலாகவும் நிறுத்தி, “வேர் வேர் யூ அட் நைன் ஓ கிளாக்?” என்று தொடங்குவார். தீர்ப்பைக் கேசட் தாளில் எழுதாமல் சோறு வராது. “பொண்ணு பார்க்கும்போது போலீஸுன்னு யாரும் சொல்லலியே!” என்று படுக்கையிலிருந்து சாச்சப்பா குரல் கொடுப்பார்.

நேர்முகத்துக்குத் துணையாக என்னையும் அழைத்துப் போனார். மருத்துவர் ஒரு சர்க்கரை நோயாளியைக் காட்டி, விவரம் கேட்டு எழுதச் சொன்னார். சாச்சிக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒன்றுதான். முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு எங்கே இருந்தார், உடன் யார், அதற்குச் சாட்சி உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, “டெல் மீ த ட்ரூத்” என்றார். நான் வெட்கத்தால் தலைகுனிந்தேன். அந்த மனிதரோ வியர்த்துப்போய், நண்பர் வீட்டு விருந்தையும் இரண்டு வாரமாக மாத்திரையைத் தொடாததையும் ஒப்புக்கொண்டார். மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று அதுவரை குழம்பியிருந்த மருத்துவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, சனிக்கிழமை ட்யூட்டிக்கு வரச் சொன்னார். இருவருக்கும் விசா வந்தது; சாச்சப்பா சிகிச்சையைத் தொடர்ந்து அங்கேயே நடந்து பழகினார்.

போன மாதம் அந்த நான்காவது கதை என் கைபேசியில் முழுதாகக் கிடைத்தது. என்னோடு தங்கியிருக்கும் சாச்சிக்குக் காட்டினேன். பாங்கு குறுக்கிடும் இடத்தையும் தாண்டிக் கதை ஓடியது. கொலை செய்தவர் சமையல்காரி அல்ல, வீட்டு எஜமானி. கேசட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினேன். சாச்சி கண்ணாடியைச் சரிசெய்து, தாம் எழுதிய தாளை ஒருமுறை வாசித்தார். பேனாவைத் தொடவில்லை.

“இவங்க சரியா விசாரிக்கலம்மா” என்று சொல்லி, கேசட்டை அலமாரியில் அதன் இடத்திலேயே வைத்தார்.