அந்தப் பட்டியலில் எஸ்தரின் கையெழுத்து

போன வாரம் நான் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டேன். நான் சொல்லவில்லை... வரைவு வாக்காளர் பட்டியல் சொல்கிறது.

தேடித் தேடிப் பார்த்தேன். என் பெயர் இல்லை. வீட்டுக்காரர் பெயரும் இல்லை. அவர், "நல்லதாப் போச்சு, வெயில்ல நிக்க வேணாம்" என்று டிவியைப் போட்டுக்கொண்டார். எனக்கு அப்படி விட மனசு வருமா? காய்ச்சலோடு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து படுத்தவள் நான்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டேன். பட்டியல் வேலை பார்க்கும் டீச்சர் பொறுமையாகத் தேடினார். "நீங்க இருந்த வாடகை வீட்டுல விசாரிச்சோம்மா, காலி பண்ணிட்டாங்கன்னு சொன்னாங்க" என்றார். உண்மைதான். காலி செய்து, அதே தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடிவந்தோம்! "எடுக்குற பேரையெல்லாம் கட்சி ஏஜென்ட்டுங்ககிட்ட காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கோம்" என்று ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார்.

தாளின் அடியில் எஸ்தரின் கையெழுத்து.

எஸ்தர் யார் என்று சொல்லிவிடுகிறேன். பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் பதினாலு வருஷமாக என் பக்கத்து சீட். அவள் அசெம்ப்ளியில், நான் ஸ்டோர்ஸில். எனக்கு ஆபரேஷன் நடந்தபோது லீவு போட்டு ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவள். எங்கள் பூத்தில் ஒரு கட்சியின் ஏஜென்ட். நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. ஆனால் என் ஓட்டு எப்போதும் அவள் கட்சிக்கு எதிராகத்தான்.

புது வீட்டில் பால் காய்ச்சியபோது முதல் ஆளாக வந்து நின்றவளும் அவள்தான். நான் எங்கே இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாதா?

பட்டியல் வருவதற்குச் சில நாள் முன்னால்தான் பஸ்ஸில் எங்களுக்குள் பெரிய சண்டை. அவள் தலைவரைக் கிண்டல் செய்யும் வீடியோ ஒன்றை நான் ஸ்டேட்டஸ் வைத்திருந்தேன். பேச்சு வளர்ந்தது. "உங்கள மாதிரி ஆளுங்களாலதான் நாடு நாசமாப் போவுது" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "போடி, கொத்தடிமை" என்றேன்.

இப்போதெல்லாம் போனில் யாரை வேண்டுமானாலும் அப்படித்தானே திட்டுகிறார்கள்? ஆனால் எஸ்தரின் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் நிஜமாகவே கொத்தடிமையாகக் கிடந்தவர்கள். அது தெரிந்தும் சொன்னேன். அவள் எழுந்து கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

ஆகவே, கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பழிவாங்கிவிட்டாள் என்றே முடிவு செய்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும் நேராகக் கடைசி சீட்டுக்குப் போனேன். "இன்னாடி, பழி தீத்துக்கினியா? என் பேரை எடுத்துட்டா உங்க ஆளு ஜெயிச்சுடுவாரா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எஸ்தர் முகம் செத்துப்போனது. "உன் பேரு அதுல இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை வாசலில் நிற்கிறாள். கையில் பெயர் சேர்க்கும் படிவம் இரண்டு.

"நாஷ்டா ஆச்சா? கெளம்பு. ஸ்கூல்ல கேம்ப் நடக்குது. ஆதாரு, கேஸ் புக்கு எடுத்துக்கோ. அண்ணனையும் இட்டுக்கினு வா."

கேம்பில் படிவங்களை அவளே நிரப்பினாள். அவள் கட்சிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, எதிர்பார்ட்டிக்கு ஆள் சேக்குற? ரெண்டு ஓட்டு போனா போவட்டும், வுடு."

எஸ்தர் தலை நிமிரவில்லை. "பாக்காம கையெழுத்து போட்டது நானு. நீ சும்மா இரு."

அதோடு விடவில்லை. 'இவர்கள் இதே தெருவில்தான் வசிக்கிறார்கள், தவறுதலாகக் கையெழுத்திட்டுவிட்டேன்' என்று தனியாக ஒரு தாளில் எழுதி, கட்சியின் பெயரும் போட்டு டீச்சரிடம் கொடுத்தாள். கட்சிக்காரர் முறைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஏஜென்ட் பொறுப்பு போகலாம் என்று எனக்கே புரிந்தது. அவளுக்குப் புரியாதா?

வெளியே வந்து டீ குடித்தோம். "அந்த வார்த்தை சொன்னது தப்புடி. மன்னிச்சுடு" என்றேன்.

"ரெண்டு நாளு சோறு எறங்கல" என்றாள்.

"நெஜமாவே பாக்கலியா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மூணு பக்கம்டி. பஸ்ஸுக்கு வேற டைம் ஆய்டுச்சு."

"பாத்திருந்தா?"

எஸ்தர் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு உன் மேல இருந்த கோவத்துல... இன்னா பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல." பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "அது கெடக்கட்டும். அதே பேப்பர்ல உங்க பார்ட்டி ஆளும்தான் கையெழுத்து போட்டுகீறாரு. அவர் சட்டையப் போய் புடிச்சியா நீ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம்... அந்தத் தாளில் நான்கு கையெழுத்து இருந்தது. நான் ஓட்டுப் போடும் கட்சியின் ஏஜென்ட்டும் பார்க்காமல்தான் போட்டிருக்கிறார். என் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று.

நம் பக்கத்து ஆள் செய்தால் அது கவனக்குறைவு. எதிர்ப்பக்கத்து ஆள் செய்தால் சதி. இப்படித்தானே நாம் எல்லோரும் பழகிவிட்டோம்? பதினாலு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவளைக்கூட அந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அரசியல் பேசுவேன், சண்டையும் போடுவேன். அந்த வார்த்தை மட்டும் என் வாயில் இனி வராது. எஸ்தரை விடவும் மாட்டேன் — அவளே போடி என்று தள்ளினாலும்.

எழுந்தபோது சொல்லிவிட்டேன். "பேரு வந்துச்சுன்னா என் ஓட்டு உங்க ஆளுக்கு எதிராத்தான், தெரியும்ல?"

"தெரியும், போடு" என்றாள் எஸ்தர். "நீ ஓட்டே போடலன்னா, நாங்க யாரைத் தோக்கடிக்கிறது?"