பூப்போட்ட குடைத்துணி

எங்கள் வீட்டில் குப்பைக்கூடை என்று ஒன்று இருந்தது. அதில் போடத்தான் எதுவும் மிஞ்சாது. அப்பாவின் கைலி கிழிந்தால் தலையணை உறையாகும். உறை நைந்தால் சட்டி பிடிக்கிற துணி. அதுவும் கரியேறிப் போனால் அப்பாவின் ஜீப்பைத் துடைக்கப் போய்விடும். மிஞ்சின சோறு மறுநாள் மாடியில் வடகமாகக் காயும். பீர்க்கங்காயின் தோல் துவையலாகும். "இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான் இன்னும் வேற ஒண்ணா மாறாம இருக்கேன்" என்பார் அப்பா. அம்மா அவரை மேலும் கீழும் பார்ப்பாள், யோசிக்கிற மாதிரி.

கூடலூரில் அப்பாவுக்கு ஜீப் ஓட்டுகிற வேலை. விடியுமுன் எங்கள் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறி ஏலத்தோட்டத்தில் விட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். சாரல் காலத்தில் ஜீப்புக்குள் ஆளுக்கொரு குடை இருக்கும். கம்பி ஒடிந்தவை சீட்டுக்கு அடியிலேயே தங்கிவிடும். "ஏத்தா, யாரு கொடை இது?" என்று அப்பா தூக்கித் தூக்கிக் காட்டுவார். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். என்னுடையது என்று ஒப்புக்கொண்டால் அந்த ஒடிசலைச் சுமந்துகொண்டு போக வேண்டுமே.

கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டு கறுப்புக் குடைகள். இன்னொன்று நீலம், அதில் சிவப்புப் பூக்கள். அம்மா கம்பிகளைப் பாகல் கொடிக்கு ஊன்றிவிட்டு, துணியைப் பிரித்துத் துவைத்து, எனக்கு ஒரு மழைச்சட்டை தைத்தாள். முன்பக்கமும் கைகளும் தலைமூடியும் கறுப்பு, முதுகு முழுக்கப் பூ. பொத்தான்கள் அப்பாவின் பழைய சட்டையிலிருந்து வந்தன.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. வகுப்பில் பாதிப்பேர் உரச்சாக்கைக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவார்கள். நான் பூப்போட்ட முதுகோடு போனேன். மழை விட்டபிறகும் கழற்றவில்லை. டீச்சர் அதட்டும் வரைக்கும் வகுப்புக்குள்ளும் அதோடுதான் இருந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

ஒரு சாயங்காலம் அப்பாவோடு வீட்டுக்குப் போகலாம் என்று ஜீப் வந்து நிற்கிற இடத்தில் காத்திருந்தேன். முதல் ஆளாக இறங்கியவர் மேலத்தெரு அத்தை. சொந்தம் ஒன்றும் கிடையாது, கூப்பிடுகிற முறைக்குத்தான் அத்தை. என்னைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்து முதுகுத்துணியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ புள்ள, நில்லு. இது என் கொடைத்துணில்ல?"

நான் விழித்தேன். அத்தை அப்பாவிடம் திரும்பினார். "ஏண்ணே, வண்டில விட்டுட்டுப் போற சாமானையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவீகளோ?"

இறங்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் அப்படியே நின்றார்கள். அப்பாவின் முகம் சுண்டிப்போனது. கூடலூரில் ஜீப்புக்கா பஞ்சம்? டிரைவருக்குக் கைச்சுத்தம் போதாது என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், மறுநாள் விடியலில் அத்தனை பேரும் அடுத்த வண்டியில் ஏறிவிடுவார்கள். அப்புறம் எங்கள் வீட்டில் தோலுக்கே பீர்க்கங்காய் இருக்காது.

வீட்டுக்கு வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு புளித்த மாவில் வெங்காயம் அரிந்து போட்டு, பணியாரக் கல்லை அடுப்பில் வைத்தாள். முதல் ஈடு வேகும்போதே வாசலில் அத்தை வந்து நின்றார். கூடவே அவருடைய மகள். என் வயதுதான் இருக்கும். சாக்குக் கொங்காணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க மதினி. இங்கன உக்காருங்க, சூடாத் தின்னுட்டுப் பேசலாம்" என்றாள் அம்மா.

சண்டைக்கு வந்தவர் பணியாரத்தைத் துவையலில் தொட்டு வாயில் போட்டார். இன்னொன்றையும் எடுத்தார்.

"என்ன தொவையல் மதினி இது?"

"பீர்க்கங்கா தோலு."

"தோலா? நான் மாட்டுக்குல்ல போடுவேன்!"

அப்பாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "நான்தான் தெனமும் தூக்கித் தூக்கிக் காட்டுனேனே, ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதாத்தா?" என்று ஆரம்பித்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஒரு பணியாரத்தை எடுத்து வாயை அடைத்துக்கொண்டார்.

அம்மா ஆணியில் தொங்கிய மழைச்சட்டையை எடுத்தாள். பிளேடால் தையலைப் பிரிக்க ஆரம்பித்ததும் நான் அலறிவிட்டேன். "அவுக பொருளுடி. அவுககிட்டதான் குடுக்கணும்" என்றாள். பூத்துணி முழுசாகக் கையில் வந்தது. அதை அத்தையிடம் நீட்டவில்லை. அந்தப் பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டு, கொங்காணியைக் கழற்றச் சொல்லி, ஈர முதுகில் துணியை வைத்துச் சாண் போட்டுப் பார்த்தாள்.

"முதுகுக்குச் சரியா இருக்கு. இன்னும் ரெண்டு பழைய கொடை கெடச்சா கையும் தலைமூடியும் வச்சுப்புடலாம் மதினி."

அத்தை தட்டில் இருந்த துவையலை வழித்துச் சாப்பிட்டார். போகும்போது அப்பாவிடம், "காலைல எங்க தெருவுக்கு மொதல்ல வாங்கண்ணே, கடைசி ஆளா ஏறுனா உக்கார எடமே இல்ல" என்றார். அப்பாவுக்கு உயிர் வந்தது.

மறுநாள் ஜீப்பின் முன் சீட்டில் கம்பி ஒடிந்த குடைகள் இரண்டு கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மாவின் தையல் மெஷின் ஓடியது. திங்கட்கிழமை என் பூக்கள் வேறொரு முதுகில் பள்ளிக்கூடத்துக்கு வந்தன. என் சட்டையின் முதுகுக்கு ஜீப்பின் பழைய தார்ப்பாய்த் துண்டு. டீசல் நாறும். கனத்தில் என்னைப் பின்பக்கமாக இழுக்கும். சொட்டு மழைகூட உள்ளே இறங்காது, அதை நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்தச் சாரல் முடிகிறவரை அவளோடு நான் பேசவும் இல்லை.

எனக்கு அத்தைமேல் இருந்த கோபத்தைவிட அம்மாமேல்தான் அதிகம். ஒருநாள் கேட்டே விட்டேன். "அவுக சண்டைக்கு வந்தாகன்னு பயந்துதான குடுத்த?"

அம்மா சோற்றை அரைத்து வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். "சண்டைக்கு வர்றவுக எதுக்குடி மகளக் கூட்டிட்டு வரணும்?"

இதுகூடத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"பணியாரம் திங்கத்தான்."

அம்மா சிரித்தாள், திருத்தவில்லை. வெகுகாலம் நான் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கும் ஒரு மகள். போன மாதம் அவளுக்காக ஒன்றைக் கேட்கப் போய், கேட்க வாய் வராமல், அன்றைக்கு அத்தை நின்ற மாதிரி, சம்பந்தமே இல்லாத எதற்கோ ஒருவரிடம் சத்தம் போட்டுவிட்டு நின்றேன். அவர் பணியாரம் எதுவும் தரவில்லை.