கேப் மட்டும் மெயின் பிராஞ்சில்

என் அக்கா பல் டாக்டர். அவள் வேலை செய்யும் நிறுவனத்துக்கு இரண்டு கிளினிக். அக்கா இருப்பது பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால். அங்கே வருபவர்கள் பெரும்பாலும் எங்கள் ஆட்கள், இந்த ஊரின் பெரும்பான்மை மொழி வாயில் நுழையாதவர்கள். நான் வரவேற்பில் உட்கார்ந்து இரண்டு மொழியிலும் போன் எடுக்கிறேன்.

இன்னொன்று மெயின் பிராஞ்ச். அங்கே இருக்கும் டாக்டர் பெரும்பான்மை ஆள், அக்காவோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவரவர் செய்த வேலைக்கான பில்லில் இருவருக்கும் ஒரே சதவீதப் பங்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வேர் சிகிச்சை முடிந்த பல்லுக்கு மேலே கேப் போட வேண்டும். காசு அந்தக் கேப்பில்தான். அதை எங்கள் கிளினிக்கில் போடக் கூடாது என்பது விதி. முதுகு ஒடியக் குனிந்து, அழுகிய வேரைச் சுத்தம் செய்வது அக்கா. பளபளவென்று தொப்பி வைத்து பில் போடுவது அவர். அவருடைய வருமானம் அக்காவுடையதைப் போல மூன்று மடங்கு. கையில் காசில்லாத எங்கள் ஆள் யாராவது அங்கே போய்விட்டால், "அங்க உங்க டாக்டரே இருக்காங்களே" என்று தேனொழுகச் சொல்லி இங்கே தள்ளிவிடுவார்கள்.

போன வாரம் ஒரு லாரி டிரைவர் பிடிவாதம் பிடித்தார். "டாக்டரம்மா, தோண்டினது நீங்க. மூட மட்டும் இன்னொருத்தரா? நீங்களே போடுங்க."

அக்கா போட்டாள்.

மறுநாளே முதலாளி வந்துவிட்டார். நோயாளி நாற்காலியில் ஷூவோடு சாய்ந்தார். தட்டில் சுத்தம் செய்து வைத்திருந்த கொக்கிக் கம்பியை எடுத்துத் தன் பல்லைக் குத்தினார், மறுபடி தட்டிலேயே போட்டார். அக்கா தட்டை நகர்த்தி வைத்தாள்.

"ரூல் தெரியும்ல டாக்டர்?"

"தெரியும் சார். இங்க கூடாதுன்னா, வாரத்துல மூணு நாள் எனக்கும் மெயின்ல கொடுங்க."

"தாராளமா வாங்க! ஒரே கண்டிஷன். போர்டுல உங்க பேர் வேணாம், பில்லும் அவர் பேர்லயே போகட்டும். உங்க பங்கை நான் கையில தந்துடறேன். பேரைப் பாத்துட்டு நாலு பேர் எழுந்து போனா யாருக்கு நஷ்டம்? மாஸ்க் போட்டுட்டா எல்லாரும் ஒண்ணுதானே."

பெரிய மனசு பண்ணிவிட்டவர் போலச் சிரித்தார். அக்காவுக்குப் படிப்புக் கடன் இருக்கிறது, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அது தெரிந்துதான் சிரித்தார்.

அக்கா கையுறையைக் கழற்றினாள். "நான் பாத்த பல்லுல நாளைக்கு வீக்கம் வந்தா, அவங்க யாரைத் தேடி வருவாங்க சார்?"

"அதெல்லாம் சமாளிச்சுக்கலாம்."

"என்னால முடியாது. ஒரு மாசம் இருக்கேன். வேற ஆள் பாத்துக்கங்க."

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. என் பக்கம் திரும்பினார். "பாப்பா, ரெண்டு மொழியிலயும் ஒரு விளம்பரம் போட்டுடு. உங்க ஆளுங்கள்லயே ஒரு பொண்ணு. இப்பதான் படிச்சு முடிச்சிருந்தா நல்லது, எதிர்த்துப் பேசாது."

நான் அவரிடம் அதிகம் பேசியதே இல்லை. "வரவேற்புக்கும் ஆள் வேணும்னு சேத்துப் போட்டுக்கங்க சார்," என்றேன். "போடறதுக்கு நான் இருக்க மாட்டேன்."

அப்போதுதான் அவர் முகம் கோணியது. இரண்டு மொழி பேசும் ஆள் இந்தச் சம்பளத்துக்கு அவருக்கு எங்கே கிடைக்கும்?