கஞ்சியும் மாடிப்படியும்

வயதானவர்களுக்குச் சமைத்துப் போடுகிற வேலையில், தட்டில் என்ன வைத்தோம் என்பதைவிட என்ன மிச்சம் வந்தது என்பதுதான் பயமாக இருக்கும். வீட்டில் பெரியவர்களை வைத்திருக்கிற உங்களுக்குத் தெரியாததா?

வெறும் கஞ்சி

கைக்குழந்தையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, செங்கம் ரோட்டில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்த ருக்மணி அம்மாவுக்குச் சமைப்பது. மலை தெரிகிற ஜன்னலுக்காகவே சென்னையை விட்டு வந்தவர். எழுபதைத் தாண்டியாச்சு, பல்லும் இல்லை. "வயசான வயிறு, கஞ்சி போதும்" என்று மகன் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கத்து வழக்கமும் அதுதானே? மூன்று வேளையும் கஞ்சி வைத்தேன்.

சில மாதத்தில் அம்மாவால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. படி இறங்குவதையே விட்டுவிட்டார். பார்க்க வந்த மகன் பயந்துபோய், "கார்த்திகை தீபத்துக்கு வருவேன். அப்பவும் படி ஏற முடியலன்னா ரூமைக் காலி பண்ணிட்டு என்கூட வந்துடணும்" என்றார். அவர் போன பிறகு அம்மா மலையைப் பார்த்தபடியே சொன்னார்: "அவன் வீட்டு ஜன்னல்ல எதிர்வீட்டு லுங்கிதான் தெரியும், செல்வி."

பாப்பா கிண்ணம்

மறுநாள் என் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். பருப்பும் முருங்கைக்கீரையும் குழையக் கடைந்து, நெய் விட்ட சோறு. அம்மா தன் கஞ்சி டம்ளரையும் அந்தக் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அவளுக்கும் பல்லு இல்ல, எனக்கும் பல்லு இல்ல. அவளுக்கு மட்டும் பருப்பு, எனக்கு ஏன் தண்ணி?"

கதவுக்குப் பின்னால்

வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். பருப்பு, கீரை, முட்டை, தயிர் தினமும் வேண்டும், உப்பு கம்மியாக, தினம் கொஞ்சம் நடை. அப்படியே செய்தேன். ஆனாலும் பாதித் தட்டு மிச்சம் வந்தது. நானோ பரிமாறிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பெரியவங்க முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை.

"தனியா சாப்பிட்டா மாத்திரை முழுங்கற மாதிரி இருக்குது. உன் தட்டை எடுத்துட்டு வா" என்றார் அம்மா. போய் உட்கார்ந்தேன், சுவரைப் பார்த்துக்கொண்டு. அன்றைக்கு அவர் தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. "நாளைக்காவது மூஞ்சைக் காட்டு. சுவரு ஏற்கெனவே சாப்பிட்டுடுச்சு."

இரண்டு பேரும் நின்ற வாரம்

கார்த்திகை பிறக்கும் முன்னால் ஒரு காலை. தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், சுவரைத் தொடாமல் எழுந்து நின்றார். என் மகள் முதல்முதலாக நின்றதும் அந்த வாரம்தான். நான் வேலையைப் போட்டுவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். "அவ நின்னப்போ கை தட்டின இல்ல? எனக்கு எங்கே?" என்றார் அம்மா.

மகன் வந்த நாள்

தீபத்துக்கு முந்தின நாள் மகன் வந்தார். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னதும் என்னை முறைத்தார். மாடி ஏறி வந்த இளைப்பில் திட்டக்கூட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே படியில் செருப்புச் சத்தம். ஒரு கையில் கீரைக்கட்டு, இன்னொரு கையில் தயிர் சொம்பு, கைப்பிடியைத் தொடாமல் அம்மா ஏறி வந்தார். மகன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காலி பண்ணும் பேச்சை எடுக்கவே இல்லை. அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இவனுக்குக் கொஞ்சம் கஞ்சி வெச்சுக் குடு செல்வி, ரொம்பத் தளர்ந்துட்டான்."

ஊரே மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. நான் மட்டும் இன்னும் அந்த மாடிப்படியைப் பார்த்துப் போட்டுக்கொள்கிறேன்.