பேர் போடாத ஜெபச் சீட்டு

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு மில்லுக்குப் போனவன் நான். பிற்பாடு ஊழியத்துக்கு வந்தபோது, படித்த போதகர்களுக்கு ஈடாக நான் ஓடி ஓடித்தான் உழைக்க வேண்டும் என்ற பயம் பிடித்துக்கொண்டது. ராஜபாளையத்தில் எங்கள் சபை சின்னது. கூப்பிட்ட வீட்டுக்கு ஒரு நாள் போகாவிட்டால், அந்தக் குடும்பமே வேறு சபைக்குப் போய்விடும் என்று நினைப்பேன். போன் அடித்தால் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவேன். அடிக்காவிட்டால் போன் வேலை செய்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

மகள் பள்ளிக்கூடத்துக் கபடி அணியில் ஆடுகிறாள். "அடுத்த மேட்சுக்கு அப்பா கட்டாயம் வாரேன்" என்று மூன்று தரம் சொல்லி, மூன்று தரமும் வீட்டு ஜெபத்துக்குப் போய்விட்டேன். நான்காவது மேட்சைப் பற்றி அவள் அம்மாவிடம் மட்டும்தான் சொன்னாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஜெபம் வேண்டுகிறவர்கள் பேர் போடாமல் சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மூப்பர் வாசிப்பார், நான் ஜெபிப்பேன்.

அன்றைக்கு அவர் வாசித்த சீட்டு: "ஒரு குடும்பத் தலைவருக்காக. நேரத்துக்கு வீடு வருவதில்லை. கொடுத்த வாக்கு நினைவில் இல்லை. பிள்ளை கேட்பதையே விட்டுவிட்டது."

குடிகாரன்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். "ஆண்டவரே, அந்த மனுஷனைப் பிடித்திருக்கிற போதையின் கட்டை அறுத்துப் போடும்! அவன் கால்களை வீட்டுக்குத் திருப்பும்!" என்று தொண்டை கட்டுமளவு ஜெபித்தேன். ஆமென் சத்தம் கூரையைத் தூக்கியது. பெண்கள் முந்தானையால் வாயை மூடியிருந்தார்கள். அழுகிறார்கள் என்று நினைத்து, இன்னும் இரண்டு நிமிஷம் சேர்த்து ஜெபித்தேன். அந்தக் குடும்பம் எந்த நாள் கூப்பிட்டாலும் வருவதாகவும் சொல்லிவைத்தேன்.

ஆராதனை முடிந்து செருப்பைத் தேடும்போது மனைவி பக்கத்தில் வந்தாள்.

"ஐயா, சனிக்கிழமை நாலு மணிக்கு வாரீயளா? ஸ்ரீவில்லிபுத்தூர்ல, ஸ்கூல் கிரவுண்டுக்கு."

புரிந்ததும் காது சுட்டது. "ஏட்டி, அது நீ எழுதுனதா? எம்புட்டுப் பேருக்குத் தெரியும்?"

"பொம்பளையாளுக அம்புட்டுப் பேருக்கும். ஆமென் கேட்டுச்சுல்ல?"

அதே நேரத்துக்கு வத்திராயிருப்பில் ஒரு புதுவீட்டு ஜெபம் ஒப்புக்கொண்டிருந்தேன். மூன்று நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். புதன்கிழமை துணிந்து அந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, சுற்றி வளைத்துப் பேச்செடுத்தேன். அவர் சிரித்துவிட்டார். "எம் வீட்டுக்காரி எல்லாம் சொன்னா ஐயா. காலையிலேயே ஜெபத்த வச்சிக்கிடுவோம். நீங்க ஜெபிச்ச ஆளு நல்லாகணும்ல!"

சனிக்கிழமை அந்த ஜெபத்தை முடித்துவிட்டு மூன்று மணிக்கே மைதானத்துக்குப் போய்விட்டேன். மேட்ச் இங்கேதானா என்று வாட்ச்மேனிடம் இரண்டு தரம் கேட்டேன். என்னைத் தனியாகப் பார்த்ததும் மகள் பதறி ஓடி வந்தாள்.

"யாருக்குப்பா முடியல?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. ஒன் மேட்ச் பாக்கத்தான் வந்தேன்."

அவள் நம்பவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் களத்துக்குள் போனாள். எதிரணியில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பியபோது, என்னை அறியாமல் "ஸ்தோத்திரம்!" என்று கத்திவிட்டேன். மைதானமே திரும்பிப் பார்த்தது.

"அப்பா, கை தட்டுனா போதும்" என்றாள் அங்கிருந்தே.

தோற்றுத்தான் போனார்கள். ஆனால் பஸ்ஸில் ராஜபாளையம் வரை அவள் வாய் மூடவில்லை. சட்டைப்பையில் போன் இரண்டு தரம் அடித்தது. மனைவி எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மூப்பர் ஒரு சீட்டைச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தார். "அந்தக் குடும்பத் தலைவருக்கு ஒரு சனிக்கிழமை விடுதலை கிடைத்தது, ஸ்தோத்திரம். அடுத்த மேட்ச் இருபது நாளில். தொடர்ந்து ஜெபிக்கவும்."

எட்டிப் பார்த்தேன். கையெழுத்து மகளுடையது.