நாலாம் சென்சாரின் கைச்சூடு

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது எனக்குத்தான். பதிவுகள் இன்றும் என் கணினியில் இருக்கின்றன.

அத்தானும் நானும் ஒரே அலுவலகம். அக்காவைக் கட்டிக்கொண்ட கையோடு எனக்கும் அங்கே வேலை வாங்கித் தந்தவர் அவர். மலை ஓடை ஒன்றில் ஆறு சென்சார்களைக் கட்டி வைத்திருந்தோம். கால் மணிக்கு ஒருமுறை தண்ணீரின் வெப்பத்தை அளந்து ரேடியோவில் அனுப்பும். இருபது டிகிரியைத் தாண்டினால் அந்த ஓடை மீன்கள் பிழைக்காது. பூமி சூடேறும் வேகத்தில் அவை இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று கணிப்பதுதான் எங்கள் பிழைப்பு.

அங்கே போன் எடுக்காது. அதனால் அத்தான் போய்ச் சேர்ந்ததும் ஒரு சென்சாரைக் கைக்குள் பொத்திப் பிடிப்பார். அலுவலகத்தில் எனக்கு முப்பத்துமூன்று டிகிரி காட்டும்.

"அது என் கைச்சூடு மாப்ளே. வந்துட்டேன்னு அர்த்தம்" என்பார்.

மீன் கணக்கில் மனுஷச் சூடு சேரக் கூடாது. ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து அழிக்க எனக்குச் சோம்பல். முப்பதைத் தாண்டினால் வரைபடக் கோட்டிலிருந்து தானாக அழித்துவிடும்படி கணினியில் ஒரு விதி எழுதினேன். அத்தானிடம் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை தனியாக ஓடைக்குப் போனவர் திரும்பவில்லை. அன்று மாலை ஓடையில் திடீர் வெள்ளம். மறுநாள் அவருடைய பை கீழே பாலத்தடியில் கிடைத்தது. எல்லோரும் பாலத்துக்குக் கீழே தேடினார்கள். நானும்தான்.

சனிக்கிழமை காலை 10:20. சென்சார்களாவது மிஞ்சியிருக்கின்றனவா என்று பார்க்க அலுவலகம் போனேன். ஐந்து கோடுகள் ஒழுங்காக ஓடின. நாலாம் சென்சாரின் கோடு மட்டும் வியாழன் மாலை 4:15-லிருந்து இல்லை.

வெள்ளம் அடித்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் விதி நினைவுக்கு வந்தது. அதை நீக்கினேன்.

33.1... 33.1... 33.1...

கால் மணிக்கு ஒன்று. இரவெல்லாம். அடுத்த இரவும்.

10:30. டிக். புதிதாக ஒன்று. 33.1.

உயிரோடு இருக்கிறார்! பாவி நான், இத்தனை நேரம் அழித்துக்கொண்டிருந்தேன். தேடும் குழுவுக்குத் தகவல் சொல்லிவிட்டு, சென்சார் அளவுகளைக் காட்டும் கை ரேடியோவோடு ஓடினேன்.

11:30. மலைப்பாதை. டிக். 33.1.

11:45. டிக். 33.1.

"அத்தான்! வந்துட்டேன் அத்தான்!"

தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

நாலாம் சென்சார்ப் பாறை. அதன் அடியில்... ஒரு சட்டைக் கை.

மூடிய கைமுட்டி. விரல்களுக்கு நடுவே சென்சார்.

தொட்டேன்.

பனிக்கட்டி.

12:00. டிக்.

33.1.

விரல்கள் தாமாகத் தளர்ந்தன...

12:15. டிக். 16.2. ஓடையின் வெப்பம்.

அவருடைய கைக்கடிகாரம் 3:40-ல் நின்றிருந்தது. "வியாழக்கிழமையே முடிஞ்சிருச்சு. தலையில அடி. விழுந்த நிமிஷமே போயிட்டார்" என்றார் டாக்டர்.

முதல் கைச்சூடு வந்தது 4:15-க்கு.

வீட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னைக் கூப்பிடவே இல்லையாடா அவரு?"

நூற்று எழுபத்தாறு முறை. எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

"இல்லக்கா" என்றேன்.