இரண்டு மோட்யூலுக்கு நடுவில் நான்

போன வாரம் முழுக்க என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டால், எனக்கே சொல்லத் தெரியவில்லை. 'இன்டர்ஃபேஸ்' வேலை, அதாவது இரண்டை இணைத்து வைக்கிற வேலை என்கிறான் என் தம்பி முகுந்தன்.

முகுந்தன் ஈஜோக் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் டெக்னீஷியன். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருப்பவன். அவனும், ரவாங்கில் இருக்கும் பள்ளிக்கூட நண்பன் தேவனும் மூன்று வருஷமாக ஒரு சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள். கட்டைவிரல் அளவு ரிசீவரைக் கம்ப்யூட்டரில் செருகினால் போதும், மீதி ரேடியோ வேலையை சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளுமாம். எந்த வகைக் கம்ப்யூட்டரிலும் ஓடுமாம்.

"எல்லாம் தனித்தனி மோட்யூல்கா. ரிசீவர்கிட்ட பேசுறது என்னோடது. குரலைப் பிரிச்சுத் தர்றது தேவனோடது. ஒன்னுல கை வச்சா இன்னொன்னைத் தொடவே வேணாம்."

ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருந்தால்தான் நல்ல டிசைனாம். குடும்பத்தில் அப்படி இருந்தால் ஊரே பேசும். எதற்கும் இருக்கட்டும் என்று தலையாட்டி வைத்தேன்.

சிக்கல் என்னவென்றால், இரண்டு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. காரணம்? கேட்டால் இவன் போனை நோண்டுகிறான், அவன் இருமுகிறான். ஞாயிற்றுக்கிழமையோ ஜெராம் ஹாலில், ரேடியோ கிளப்காரர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். சொதப்பினால் மூன்று வருஷ உழைப்பு... அவ்வளவுதான்.

புதன்கிழமை என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தான். ரேடியோவில் பேசியவர் யாரோ, வாத்து மாதிரி கத்தினார்.

"ரிசீவர் எப்பவும் அலைவரிசையைக் கொஞ்சம் தள்ளித்தான் பிடிக்கும்கா. அதை நான் சரி பண்ணிட்டேன். அவனும் பண்ணியிருப்பான், டபுளாயிருச்சு. கேட்டுச் சொல்லுங்கலா."

நீயே கேட்டால் என்ன? மாட்டானாம். நான் போன் போட்டேன். "ஆமாக்கா, நானும் பண்ணேன்" என்றான் தேவன்.

ஒரே ரசத்துக்கு இரண்டு பேரும் உப்புப் போட்ட கதை. அதுவரை எனக்குப் புரிந்தது. அதற்கப்புறம்தான் தலை சுற்றியது.

வியாழன் காலை முகுந்தன், "நான் என்னோடத எடுத்துட்டேன்னு சொல்லிருங்க" என்றான். சொல்லலாம் என்று போனை எடுத்தால், தேவனின் வாய்ஸ் மெசேஜ் - "அக்கா, நான் என்னோடத எடுத்துட்டேன்னு அவன்கிட்ட சொல்லிருங்க." இப்போது ஓட்டினால் வாத்தைக் காணோம். அதே ஆள் கரடி மாதிரி உறுமினார்.

இரண்டு செய்தியையும் ஒழுங்காகக் கொண்டு சேர்த்தேன். இரண்டு பேரும் நல்ல மனசோடு, எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மறுபடியும் வாத்து!

தப்பு யார் மேல்? ரிசீவர் மேலா, அவர்கள் மேலா, என் மேலா? இன்றுவரை தெரியவில்லை.

சனிக்கிழமை எனக்குக் கோபம் வந்துவிட்டது. தேவனுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி, தம்பி முன்னால் வைத்துவிட்டு டீ போடப் போனேன். தண்ணீர் கொதித்து வந்தது. அப்புறம், "யார்டா எடுக்குறது, நீயா நானா?" என்று ஒரு குரல். டீ ஆறி, மறுபடி சுடவைத்தும் பேச்சு முடியவில்லை.

ஞாயிறு ஜெராமில் நாலைந்து விதக் கம்ப்யூட்டர்களிலும் மனிதக் குரலே வந்தது. கிளப்காரர்கள் தங்களுக்கும் போட்டுத் தரச் சொன்னார்கள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மத்தியானம் இரண்டு பேரும் ஒரே தட்டு நண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன். "ஆமா, எதுக்குத்தான் பேசாம இருந்தீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேவன்தான் சொன்னான்.

"அது வேற மோட்யூல்கா. தொடாதீங்கலா."